ஹங்கேரியில் ஒரு பெரட்டு

இலங்கை மலைநாட்டின் அட்டன் நகரத்தில் சாரணர் ஆதரவாளர் பேரவை என்று ஒன்று இருந்தது. சாரணர் என்றால் காக்கிச் சட்டை போட்ட பிள்ளைகள். ஆதரவாளர் என்றால் அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று கைகொடுக்கும் பெரியவர்கள். பேரவையில் பெரியவர்களுக்குக் குறைவில்லை. ஓய்வு பெற்ற அதிகாரிகள், கடை முதலாளிகள், காப்புறுதி முகவர்கள் என்று நிறையப் பேர் இருந்தார்கள். பிள்ளைகள்தான் யாரும் இல்லை. அதனால் பேரவையின் அலுவல்கள் எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்துவந்தன.

அந்தப் பேரவையின் சார்பில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் பூரணி 2003ஆம் ஆண்டு மே மாதம் ஹங்கேரிக்குப் போய்வந்தாள். எதற்குப் போனாய் என்று கேட்டால், ஆற்றைக் கடக்கப் போனேன் என்பாள். கேட்டவர்கள் அவளை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஆனால் அவள் சொன்னது முழு உண்மை.

ஆறு அவளுடைய லயத்துக்குக் கீழேதான் ஓடியது. இந்தக் கரையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். அந்தக் கரையில் பள்ளிக்கூடம், அதையொட்டி மெயின் ரோடு. எந்தக் காலத்திலோ காற்றில் விழுந்த ஒரு மரம் குறுக்கே கிடந்தது, அதுதான் பாலம். பெரியவர்கள் பழகிய காலால் நடந்துவிடுவார்கள். பிள்ளைகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடப்பார்கள். போன வருடம் ஜூன் மழையில் பூரணியின் மகள் சுலக்ஷனா அதிலிருந்து வழுக்கி விழுந்தாள். ஒரு பாறை தடுத்ததாலும், பின்னால் வந்த தாய்மாமன் அழகன் பாய்ந்து சட்டையைப் பிடித்ததாலும் பிள்ளை பிழைத்தது. புத்தகப் பை போனது போனதுதான்.

அன்றிலிருந்து வானம் கறுத்தால் சுலக்ஷனா பள்ளிக்கூடம் போகமாட்டாள். அக்கரப்பத்தனையில் வானம் கறுக்காத நாள் எது? வருகிற ஆகஸ்டில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. இப்படியே வராமல் இருந்தால் பேரை வெட்டிவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். தான் படிக்காததைப் பற்றி பூரணிக்குப் பெரிய கவலை கிடையாது. மகளும் ஒருநாள் கூடையை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்து நிரையில் நிற்பாளோ என்பதுதான் அவள் கவலை.

பாலம் கேட்டு அவள் போகாத இடமில்லை. தோட்டத்துத் துரை, ஆறு பிரதேச சபைக்குச் சொந்தம் என்றார். பிரதேச சபையில், இரண்டு கரையும் தோட்டத்துக்குச் சொந்தம் என்றார்கள். ஆக, தண்ணீர் ஒருத்தருக்கு, கரை ஒருத்தருக்கு, விழுகிற பிள்ளை மட்டும் பூரணிக்கு. ஆண்கள் மூங்கிலில் கைப்பிடி கட்டிப் பார்த்தார்கள்; முதல் வெள்ளம் அதைக் கொண்டுபோயிற்று. தோட்டத்து மரத்தில் கைவைத்தால் வேலை போகும். இரும்புக்கு எங்கே போவது?

இந்த நிலையில்தான் பேரவை பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஆதரவு தரப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பூரணி அரைநாள் வேலையை விட்டுவிட்டு ஓடினாள். ஆண்கள் கொஞ்சப் பேர் வந்திருந்தார்கள். பெண்கள் எல்லாரும் மலையில் கொழுந்துக்குப் போயிருந்ததால், பெண் என்று அவள் ஒருத்திதான்.

பேரவைத் தலைவர் கனகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். கல்வி அலுவலகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்று, அட்டனிலேயே தங்கிவிட்டவர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமுடியாது. எந்தக் காரியத்தையும் முறைப்படி செய்யவேண்டும் என்பார். முறை அவ்வளவு நன்றாக இருக்கும்போது காரியத்தை மறந்துவிடுவார், அவ்வளவுதான். செயலாளர் லக்ஸ்மன் அட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். பேரவையின் சீருடைத் துணி அவர் கடையில் மட்டுமே கிடைக்கும் என்பதால் அவருக்குச் சேவை மனப்பான்மை இயல்பாகவே வந்துவிட்டது.

தலைவர் பேசினார். “சாரணியத்தின் அடிப்படை சேவை. சேவையின் அடிப்படை ஒழுங்கு. ஒழுங்கின் அடிப்படை அணிவகுப்பு. ஆனபடியால் முதலில எல்லாரும் வரிசையில நில்லுங்கோ.”

எல்லாரும் நின்றார்கள். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையில் நிற்கச் சொல்லித்தரத் தேவையில்லை. விடிந்தால் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பதுதான் அவர்கள் பிழைப்பு. மூன்று விரலை உயர்த்தச் சொன்னார்கள், உயர்த்தினார்கள். எல்லாரையும் உறுப்பினராகப் பதிந்து, ஆளுக்கொரு பச்சைக் கழுத்துத் துணி கட்டினார்கள். தலைவர் ஒவ்வொருவராக இடது கையை நீட்டிக் குலுக்கிக்கொண்டு வந்தார். சாரணர் வழக்கம் அப்படியாம். பெரியவருக்கு எப்படி இடது கையைக் கொடுப்பது என்று பூரணி கும்பிட்டுவிட்டாள்.

பிறகு அவள் பாலத்தைப் பற்றிக் கேட்டாள். மிக நல்ல விடயம், இதை உரிய இடத்தில் எழுப்புவோம் என்றார் கனகலிங்கம். லக்ஸ்மன் குறித்துக்கொண்டார். வான் புறப்பட்டது. பச்சைத் துணி நல்ல தடிப்பாக இருந்ததால், பூரணி அதைத் தலையில் கட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். பேரவையிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் ஆதரவு அதுதான், குளிருக்கு இதமாக இருந்தது.

உரிய இடம் ஹங்கேரி என்பது சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அங்கே பாலட்டன் என்ற ஏரிக்கரையில், பல நாட்டுச் சாரணர் ஆதரவாளர்கள் வெள்ளி முதல் ஞாயிறு வரை கூடப்போகிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று நிமிடம் தருவார்கள். தங்கள் ஊருக்கு வேண்டிய ஒரு நற்காரியத்தைச் சொல்லலாம். கேட்டதில் சிறந்ததை எல்லாரும் சேர்ந்து செய்துகொடுப்பார்கள். அதோடு ஒரு நிபந்தனை: வருகிற குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும், அவள் உழைக்கும் மக்களில் ஒருத்தியாக இருந்தால் அவளுடைய டிக்கெட் அவர்கள் பொறுப்பு. பேரவையின் ஒரே பெண் உறுப்பினர் அப்போது பதினோராம் நம்பர் மலையில் கூடையோடு நின்றாள்.

செய்தியைச் சொல்ல லக்ஸ்மன் நேரில் வந்தார். பூரணியின் புருசன் இராமையா, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து ஆட்களுக்குக் கங்காணி. எதையும் இரண்டு தரம் கேட்டுத்தான் நம்புவார். அவர் லக்ஸ்மனை உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, முழுவதையும் இரண்டு தரம் கேட்டார்.

“நம்ம ஆத்துக்குப் பாலம் கேக்க அந்த நாட்டுக்கா போகணும்? அட்டன் பத்தாதுங்களா மொதலாளி?”

பத்தாது என்றார் லக்ஸ்மன். கூப்பிடு தூரத்தில் இருந்த ஆற்றைக் கடக்க, பூரணி ஏழு கடல் தாண்டவேண்டியிருந்தது. மழைக்கு முன்னால் கேட்டுவிட்டால் ஆகஸ்டுக்குள் ஏதாவது நடக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். கொழும்பில் பாஸ்போர்ட் கந்தோரில் இருந்த சிங்கள அம்மா எதற்குப் போகிறாய் என்று கேட்டபோது, “பாலமக் இல்லன்ன” என்றாள், பாலம் கேட்க என்று. அந்த அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் ஊரிலும் ஒரு பாலம் வேண்டியிருந்ததோ என்னவோ, மேலே ஒன்றும் கேட்கவில்லை.

லக்ஸ்மன் கடையில் காக்கிச் சேலை ஒன்று விசேடமாக வரவழைத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு பூரணி விமானம் ஏறினாள்.

ஏரிக்கரை அழகாகத்தான் இருந்தது. கூடாரங்கள் போட்டிருந்தார்கள். அறுபது வயதுத் தாத்தாமார் அரைக் காற்சட்டையும் முழங்கால்வரை காலுறையும் போட்டுக்கொண்டு நடமாடினார்கள். எல்லாரும் இடது கையையே நீட்டினார்கள். பூரணி எல்லாரையும் கும்பிட்டாள். கனகலிங்கமும் லக்ஸ்மனும் குளிரில் பல் கிட்டிப்போய் ஆளுக்கு இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டார்கள். பூரணிக்கு அது எங்கள் ஊர் மாதிரித்தானே என்றிருந்தது.

சனிக்கிழமை விடிகாலையில் விசில் ஊதினார்கள். எல்லாரும் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். அதைப் பார்த்ததும் பூரணிக்கு மனசு லேசானது. வந்த இடத்தில் முதல்முறையாகத் தனக்குத் தெரிந்த ஒன்று நடக்கிறது: இது பெரட்டு. அவள் சேலையை இழுத்துச் செருகி, பச்சைத் துணியைத் தலையில் கட்டி, முன்வரிசையில் போய் நின்றாள். கொடி ஏறியது. பாட்டுப் பாடினார்கள். இனி ஆள் பிரித்து வேலை சொல்வார்கள் என்று அவள் காத்திருந்தாள். எல்லாரும் கலைந்து போனார்கள்.

பூரணி லக்ஸ்மனிடம் போய், நமக்கு எந்த மலை என்று கேட்டாள். என்ன மலை என்றார் அவர். வேலைக்குப் போகிற மலை என்றாள். வேலையா, இப்போது காலைச் சாப்பாடு என்றார் லக்ஸ்மன். சாப்பாடு முடிந்ததும் மறுபடி விசில். இது நாடுகளை வரவேற்கும் பெரட்டு. எல்லா நாட்டுப் பேரையும் கூப்பிட்டார்கள், கை தட்டினார்கள், மறுபடி கலைந்தார்கள். சாயங்காலம் கொடியை இறக்க இன்னொரு பெரட்டு இருக்கிறதாம். ஒரு நாளில் மூன்று பெரட்டு வைத்து ஒரு வேலையும் கொடுக்காத தோட்டத்தை அவள் கேள்விப்பட்டதுகூட இல்லை.

வேலை செய்யாமல் உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் அவளாகவே ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டாள். கொடிமரத்தைச் சுற்றியிருந்த புல்தரையில் மஞ்சள் பூப் பூத்த களை மண்டிக்கிடந்தது. குனிந்து வேரோடு பிடுங்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கமாக வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இது என்ன என்று கனகலிங்கத்திடம் கேட்டார்கள். களை பிடுங்குகிறாள் என்று சொல்ல அவருக்கு ஒரு மாதிரியாக இருந்திருக்கவேண்டும். இது எங்கள் மலைநாட்டின் காலைத் தியானம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூரணி களைக்குப் போனபோது, அவளுக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் கண்ணை மூடிக் குனிந்து நின்றது. அவர்கள் பிடுங்கியதில் பாதி நல்ல புல்.

இது ஞாயிற்றுக்கிழமைக் கதை. சனிக்கிழமை பகல் பூராவும் மாநாடு நடந்தது. கழுத்துத் துணியை உருட்டிக் கட்டவேண்டுமா, மடித்துக் கட்டவேண்டுமா என்பது விடயம். உருட்டும் நாடுகள் ஒரு பக்கமும் மடிக்கும் நாடுகள் ஒரு பக்கமும் பேசின. அதைத் தலையில் கட்டும் நாடும் ஒன்று வந்திருக்கிறது என்று யாரோ பூரணியைக் காட்டினார்கள். அதை ஆராய மூன்றாவதாக ஓர் உபகுழு அமைத்தார்கள். கடைசியில் கூடலின் தலைவர், வெள்ளைத் தாடி வைத்த பெரியவர், எழுந்து பேசினார். லக்ஸ்மன் தமிழில் சொன்னார்.

“போன வருசம் எடுத்த தீர்மானங்கள இந்த வருசம் நெனவுபடுத்திக்கிட்டோமாம். இந்த வருசம் எடுக்கிறத அடுத்த வருசம் நெனவுபடுத்திக்குவோமாம். இப்பிடியே போனா நம்ம இயக்கத்த ஒருத்தராலயும் அசைக்க முடியாதாம்.”

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். மூன்று நிமிடப் பேச்சுகளை நேரம் போதாமையால் மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள்.

பூரணிக்கு முகம் விழுந்துபோயிற்று. ஆனால் பின்னேரம் ஒரு காட்சியைக் கண்டு அவள் அப்படியே நின்றுவிட்டாள். நீளம் நீளமான மரக்கம்புகளையும் கட்டுக் கட்டாகக் கயிறுகளையும் கொண்டுவந்து புல்தரையில் போட்டார்கள். தாத்தாமார் எல்லாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார்கள். பாலம் கட்டப்போகிறார்கள் என்றார் லக்ஸ்மன்.

தான் கேட்கும் முன்பே விடயம் இவர்களுக்கு எட்டிவிட்டது என்று பூரணி நினைத்தாள். யாரும் கூப்பிடாமலே போய்க் கம்பு தூக்கினாள், கயிறு இழுத்தாள். கனகலிங்கமும் லக்ஸ்மனும்கூட ஆளுக்கொரு முடிச்சுப் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் பாலம் எழுந்து நின்றது. இரண்டு பக்கமும் கைப்பிடி, அடியில் அசையாத கட்டை. ஏரி அந்தப் பக்கம் கிடக்க, இவர்கள் ஏன் தண்ணீரே இல்லாத புல்தரைக்குக் குறுக்கே கட்டினார்கள் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. கட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்களாக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். அவளும் அதில் நடந்தாள். நடக்கும்போது சுலக்ஷனாவின் கை அந்தக் கைப்பிடியில் இருப்பதாக நினைத்துப் பார்த்து, அந்தச் சந்தோசத்தில் அழுதுவிட்டாள்.

எல்லாரும் ஒருமுறை நடந்து, படம் எடுத்து முடிந்ததும் விசில் ஊதினார்கள். மறுபடி வரிசை. வெள்ளைத் தாடிக்காரர் ஏதோ சொன்னார். உடனே எல்லாரும் ஓடிப்போய்ப் பாலத்தைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

“ஐயா, ஏன் பிரிக்கிறாங்க?”

“இது பயிற்சி, பிள்ளை,” என்றார் கனகலிங்கம்.

“எதுக்குப் பயிற்சிங்க?”

தலைவர் கொஞ்சம் யோசித்தார். இதற்குமுன் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

“அடுத்த வருசமும் கட்ட வேணுமல்லோ. பழகாட்டி மறந்து போயிடும்.”

ஒரு கம்பு மிச்சமில்லாமல் பிரித்து, கயிற்றைச் சுற்றி, கொட்டிலில் வைத்துப் பூட்டினார்கள். பாலங்கட்டும் பயிற்சியில் தேறியதாக ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். பூரணி அன்று சாப்பிடவில்லை. நல்ல பாலத்தைக் கண்ணெதிரே உடைத்துவிட்டு, கைதட்டிப் பாட்டுப் பாடுகிறவர்களிடம் நாளைக்கு என்னவென்று கேட்பது என்று நினைத்து அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஆனாலும் கேட்கத்தானே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இலங்கையின் முறை வந்ததும் மேடைக்குப் போனாள். சொல்லவேண்டியதைச் சுருக்கமாக மனதுக்குள் தயார் செய்திருந்தாள்: எங்கள் ஆற்றில் பாலம் இல்லை, என் பிள்ளை விழுந்துவிட்டது, மழைக்கு முன்னால் ஒரு கைப்பிடியாவது வேண்டும். அவள் தமிழில் சொல்ல, கனகலிங்கம் இங்கிலிசில் சொல்வதாக ஏற்பாடு. சபை முறைப்படி முதலில் ஒரு வணக்கம் சொல்லிவிடுகிறேன் என்று அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

கூடலின் தலைவருக்கு வணக்கம் சொன்னார். உபதலைவர்களுக்குப் பேர் பேராகச் சொன்னார். உருட்டும் நாடுகளுக்கும் மடிக்கும் நாடுகளுக்கும் தனித்தனியாகச் சொன்னார். சாரணியத்தின் வரலாற்றை மிகச் சுருக்கமாகத் தொட்டார். எங்கள் மலைகளின் மேலே சாரணர் கொடி பட்டொளி வீசும் நாளைக் கனவு காண்கிறேன் என்று கையை உயர்த்தினார். மணி அடித்தது. மூன்று நிமிடம் முடிந்தது. பூரணி மேடைக்குப் போனது எதற்கு என்று சபைக்குத் தெரியாது; அவள் வழக்கம்போல் கும்பிட்டாள்.

வந்த பேச்சுகளில் அதுதான் சிறந்த பேச்சு என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. மற்ற நாட்டுக்காரர்கள் கிணறு, மருந்து, கூரைத் தகரம் என்று சில்லறை விடயங்களைப் பேசியிருந்தார்கள். சரி, இலங்கைக்கு என்ன வேண்டும்? குழு ஒன்று உட்கார்ந்து பேச்சை ஆராய்ந்தது. அதில் பொருள் என்று சொல்லத்தக்கது கொடி ஒன்றுதான். அட்டனிலேயே செய்வித்து, பூரணியின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கொடிக்கம்பம் நடுவது என்று முடிவாயிற்று.

திரும்பி வரும் வழியெல்லாம் கனகலிங்கம் அவளைத் தேற்றினார். “முதலில கொடி. பிறகு மற்றதெல்லாம் தானா வரும், பிள்ளை.” லயத்துக்கு வந்து சேர்ந்தபோது, பாலம் எங்கேம்மா என்று சுலக்ஷனா கேட்டாள். பூரணி பாலங்கட்டும் பயிற்சிச் சான்றிதழை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

ஜூன் மாதம் கம்பம் வந்தது. பேரவைக்காரர்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. லொறியிலிருந்து இறக்கி, தடித்த இரும்புக் குழாயை ஆண்கள் வரிசையாகத் தோளில் சுமந்து பள்ளிக்கூடத்துத் திடலில் போட்டார்கள். ஆற்றுக்குப் பக்கத்தில்தான் திடல். பாலத்துக்கு ஒரு குச்சி கொடுக்காத துரை, வரவேற்பு வளைவுக்கு என்றதும் நல்ல நேரான மரங்களை வெட்டிக்கொள்ளச் சொன்னார். பிரதேச சபை கயிறும் ஆளும் அனுப்பியது. கொடி விடயத்தில் ஆறு யாருக்கு, கரை யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

நடுகிற நாளுக்கு முன்னால் நல்ல மழை. ஆறு பொங்கிக்கொண்டு போனது. பெரியவர்கள் சிலர் எப்படியோ மரத்தில் ஏறி வந்துவிட்டார்கள். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் கழுவிய வெள்ளைச் சட்டையோடு லயத்துக் கரையிலேயே நின்றுவிட்டார்கள், சுலக்ஷனாவும்தான். கனகலிங்கம் நிலைமையைப் பார்த்தார். விழாவை நிறுத்த முடியாது. நிகழ்ச்சி நிரலில் நேரம் போட்டாயிற்று. அணிவகுப்பை இரண்டு கரையிலும் நடத்தச் சொன்னார். ஒலிபெருக்கியை ஆற்றுப் பக்கம் திருப்பிவைத்தார்கள்.

“ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிக்கிற எதிர்காலச் சாரணர்களே,” என்று தலைவர் தொடங்கினார். “தடைகளைத் தாண்டுவதே சாரணியம். நீங்கள் அங்கேயே நில்லுங்கோ. சேவை உங்களைத் தேடி வரும்.”

பூரணி வரிசையில் நின்றாள். அந்தக் கரையில் மகள் மூன்று விரலை உயர்த்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. இந்தக் கரையில் கொடிக்கம்பம் படுத்துக்கிடந்தது. அதன் நீளத்தைப் பார்த்தாள். ஆற்றைப் பார்த்தாள். வளைவு மரங்களைப் பார்த்தாள். பேச்சு முடிந்ததும் வரிசையை விட்டுத் தலைவரிடம் போனாள்.

“ஐயா, அங்க படிச்ச பயிற்சிய இங்க ஆளுகளுக்குக் காட்ட வேணாமுங்களா? ஒரு பாலம் கட்டுவோம். சும்மா பயிற்சிக்குத்தான். கட்டி, நீங்க நடந்து, போட்டோ எடுத்து, பொறகு பிரிச்சிருவோம். கம்பத்த அதுக்கப்பறம் நட்டுக்கலாம்.”

கனகலிங்கத்தின் முகம் மலர்ந்தது. ஹங்கேரிக்கு அனுப்ப அதைவிட நல்ல படம் கிடையாது. மிகச் சரியான கருத்து என்றார். பேரவை உறுப்பினர்கள் பச்சைத் துணியைத் தளர்த்திக்கொண்டு சாப்பாட்டு வாளிகள் இருந்த பக்கமாக மெல்ல நகர்ந்தார்கள். இராமையா கவ்வாத்து மலையில் ஆளை நிறுத்தும் குரலில் அவர்களை நிறுத்தினார்.

“எங்கிட்டுப் போறீங்க? பெரட்டுக்கு நின்னா வேலைக்குப் போகணும். நின்னுட்டு வீட்டுக்குப் போற பழக்கம் இந்தத் தோட்டத்துல இல்லீங்க.”

அந்தக் குரலுக்குப் பதில் சொல்லப் பேரவை விதிகளில் இடமில்லை. காப்புறுதி முகவர்கள் கல் சுமந்தார்கள். ஓய்வு பெற்ற அதிகாரிகள் கயிறு பிடித்தார்கள். பழைய மரத்துக்குப் பக்கத்தில் வளைவு மரங்களைச் சேர்த்துப் போட்டு, இரண்டு கரையிலும் நடுப் பாறையிலும் முட்டுக் கொடுத்து, இடுப்பு உயரத்துக்குக் கொடிக்கம்பத்தைக் குறுக்கே இறுக்கினார்கள். தலைவர் ஒரு முடிச்சுப் போட்டார். அழகன் பின்னால் வந்து அதை அவிழ்த்துக் கட்டினான்.

முதலில் கனகலிங்கம் நடந்தார். நடுவில் நின்று படத்துக்குப் புன்னகைத்தவர், தற்செயலாகக் கீழே தண்ணீரைப் பார்த்துவிட்டார். பிறகு இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றார். அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை அட்டன்காரர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

வானம் கறுத்துத்தான் இருந்தது. சுலக்ஷனா பாலத்தின் வாயில் வந்து நின்றாள். பூரணி கூப்பிடவில்லை, கூப்பிட்டால் பயந்துவிடுவாளோ என்று அவளுக்குப் பயம். பிள்ளை கம்பத்தில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே, கீழே பார்க்காமல், நேரே நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் வந்தன. பூரணி மகளை இழுத்து அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

எல்லாம் முடிந்ததும் லக்ஸ்மன் நிரலைப் பார்த்தார். இனிப் பிரிப்பமா என்று தலைவர் கேட்டார். அவர் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

“அதுக்குத் தனியா ஒரு பெரட்டு வைக்கணுங்களே ஐயா,” என்றாள் பூரணி. “ஹங்கேரியில அப்பிடித்தான செஞ்சாங்க.”

அது உண்மை. விசில் ஊதி, வரிசையில் நின்று, அதற்குப் பிறகுதான் அங்கே கைவைத்தார்கள். முறை தெரிந்த மனிதர் முறையை மீற முடியுமா? பாலம் பிரித்தலுக்கான விசேட அணிவகுப்பை உரிய அறிவித்தலுடன் கூட்டுவது என்று அந்த இடத்திலேயே தீர்மானம் எடுத்தார். முதல் தடவை மழை. இரண்டாம் தடவை பிரதம விருந்தினருக்கு வசதிப்படவில்லை. மூன்றாம் தடவை, பெரட்டுக்கு நின்றால் வேலை செய்யவேண்டும் என்பது ஞாபகம் இருந்ததாலோ என்னவோ, உறுப்பினர்கள் போதிய அளவு வரவில்லை. துரையும் பிரதேச சபையும் அனுமதியில்லாமல் பாலம் கட்டியது யார் என்று விசாரித்தார்கள். பாலம் எதுவும் கட்டவில்லை, பயிற்சிதான் இன்னும் முடியவில்லை என்று பேரவை பதில் எழுதியது. பயிற்சி தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

படத்தில் கம்பம் இருக்கிறது, கொடி எங்கே என்று ஹங்கேரியிலிருந்து கேட்டிருந்தார்கள். லக்ஸ்மன் வந்து, கம்பத்தின் நடுவில் கொடியைக் கட்டிப் படம் எடுத்து அனுப்பினார். ஆகஸ்டில் பரீட்சை நாளன்றும் மழைதான். சுலக்ஷனா நனைந்த கொடியைத் தொட்டுக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதிவிட்டு, அதே வழியாகத் திரும்பி வந்தாள்.

அடுத்த வருடக் கூடலுக்கு அழைப்பு வந்தது. லக்ஸ்மன் வானை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து லயத்துக்கு வந்தார். இந்த முறை பாலங்கட்டும் பயிற்சிக்கே பூரணிதான் தலைமை தாங்கவேண்டுமென்று அவர்கள் எழுதியிருப்பதாகச் சொன்னார். பூரணி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள்.

“நான் வரலீங்க மொதலாளி,” என்றாள். “அவங்க பாலம் கட்டுற எடத்துல ஆறு இல்லீங்களே.”